வயித்தெரிச்சல் பலகை

வர்றவங்க எல்லாம் என்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "ஏம்மா, இந்தப் பலகைக்குள்ள இன்னா நுரை வச்சிருக்கே?" நீயும் அதுக்குத்தான் கேமராவைத் தூக்கிக்கினு பஸ் ஏறி வந்திருக்கே, உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்குது. உக்காருப்பா. ஐயோ, அந்த டின்னு மேல உக்காராத, அது ரெசினு, பேண்டோட ஒட்டிக்கும், அப்புறம் துணியை அறுத்துத்தான் உன்னை எடுக்கணும். தோ, அந்தக் கவுத்துப் போட்ட கூடை மேல உக்காரு. நடுவுல நடுவுல கேள்வி கேக்காதே, எனக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவால்ல, அது இங்க வீணாப் போறதில்ல.

என் பேரு கஸ்தூரி. ஏழுபனைக் குப்பத்துல பதினாறு வருஷமா பைபர் போட்டுக்கு ஓட்டை அடைக்கிறவ நான்தான். பொம்பளை போய் போட்டைத் தொடுறதான்னு மொறைச்சவனோட போட்டையும் நான்தான் அடைச்சேன், அவன் இன்னிக்கும் அதுலதான் போய் மீன் புடிச்சு சோறு துன்றான். கண்ணாடி நார்ப் பாயை விரிச்சு, ரெசினை ஊத்தி, பிரஷ்ஷால குத்திக் குத்திக் காத்தை வெளியேத்தினா அது கல்லாட்டம் எறுகிடும். எங்க வேலையில மேல இருக்கிற அந்த ஓட்டுக்குத் தோலுன்னு பேரு, உள்ள வச்சு அடைக்கிறதுக்கு வயிறுன்னு பேரு. இந்த வயிறுங்கிற வார்த்தையை மனசுல வச்சுக்க, கதையே அதுலதான் நிக்குது.

எங்க கரைக்கு வடக்கால ஒரு ரிசார்ட்டுக் கம்பெனிக்காரன் வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? கடலோரமாப் புல்லுத் தரை போட்டான், புல்லைக் கடல் நக்குச்சு, நக்கின கடலுக்குக் குறுக்க லாரி லாரியாக் கருங்கல்லைக் கொண்டாந்து கொட்டிக் கல்லுக்கட்டு கட்டினான், அவன் புல்லு பொழைச்சுது, அங்க அடைபட்ட அலையெல்லாம் எங்க பக்கம் திரும்பி எங்க மணலை வாரிக்கினு போச்சு, வலை காயப்போட்ட எடம் போச்சு, கருவாடு காஞ்ச எடம் போச்சு, மாரியம்மன் கோயில் படி மூணு போச்சு, கடைசியில போட்டு கரை ஏற இருந்த ஒத்த வழியிலயும் அவன் கல்லு உருண்டு வந்து சட்டமா உக்காந்துக்குச்சு. மனு குடுத்தோம். எல்லா மனுவுக்கும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வந்துச்சு. ஐப்பசியில காத்து மாறின அன்னிக்கு, பட்டப்பகல்ல, கரைக்கு இன்னும் நூறடி இருக்கும்போது எங்க அண்ணன் தேசப்பனோட போட்டை அலை தூக்கி அந்தக் கல்லு மேல அடிச்சுது. போட்டு நான் அடைச்சது. அது துண்டு துண்டாக் கரைக்கு வந்துச்சு. அண்ணன் வரல.

தீயணைப்புக்காரங்க வந்தாங்க, மூணு நாள் தேடினாங்க, "கடல் தணியட்டும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கல்லு கெடக்குற எடத்துல கடல் எப்படிய்யா தணியும்? நாலாம் நாள் தண்ணி வத்தினப்போ கல்லுக்கட்டு முனையில ரெண்டு பாறைக்கு நடுவுல, ஆளு அகலத்துக்கு ஒரு சந்து, அதுக்குள்ள மஞ்சக் கலர் மழைக்கோட்டு தெரிஞ்சுது. நான் வாங்கிக் குடுத்த கோட்டு. மேலருந்து கையை விட்டா எட்டாது, போட்டுல போனா போட்டு ஒடையும், நீந்திப் போன ரெண்டு பேரு தோளு கிழிஞ்சு திரும்பினாங்க. தண்ணி நெறைஞ்சிருக்கிற நேரமாப் பார்த்து, கடல் பக்கமாப் போய், அலை தூக்குற அந்த ஒரு மூச்சுக்குள்ள நொழைஞ்சு திரும்பணும். அது, ரிசார்ட்டுக்கு வர்றவங்க அலை மேல சறுக்குறாங்களே, அந்த மாதிரி ஒரு பலகையாலதான் முடியும். என் அண்ணனை அந்தக் கல்லுலருந்து எடுக்கணும், அவ்ளோதான். நான் பலகை செய்ய ஆரம்பிச்சது விளையாடுறதுக்கு இல்லப்பா.

அண்ணி பேரு சுலோச்சனா. எங்க குப்பத்துல ஒரு மொறை உண்டு: கடலுக்குப் போனவன் கரை ஏறுற வரைக்கும் அவன் பொண்டாட்டி கோபப்படக் கூடாது. பாத்திரத்தை டங்குனு வைக்கக் கூடாது, புள்ளையை அடிக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரி குப்பையை நம்ம வாசல்ல தள்ளினாலும் சிரிச்சிக்கினே பெருக்கணும். கரையில கோபம் கெளம்பினா கடல்ல அலை கெளம்பும்னு வச்சிருக்காங்க. எவன் வச்சானோ தெரியல, ஆம்பளையாத்தான் இருப்பான். அண்ணன் இன்னும் கரை ஏறல இல்ல? அதனால அண்ணி கோபப்படல. ஒடம்பு வராம எப்படி அழுறதுன்னு அழவும் இல்ல. நெத்தியில பொட்டோட, தலையில பூவோட, தெனமும் அவனுக்கும் சேர்த்து ஒலை வச்சு, தட்டுல சோத்தைப் போட்டு மூடி வச்சிக்கினு, யாரு இன்னா சொன்னாலும் "சரிங்க, சரிங்க"ன்னுவா. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கினு வரும்.

ரிசார்ட்டுல அலைச்சறுக்கு சொல்லிக்குடுக்கிறவன் நிஷாந்துன்னு பெங்களூர்க்காரன், நாங்க பலகை வாத்தியாருன்னுதான் கூப்பிடுவோம். கம்பெனிச் சம்பளம் வாங்கினாலும் ஆளு கெட்டவன் இல்ல, கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி. வேலிக்கு அந்தப் பக்கமா நின்னுக்கினு, "அக்கா, போர்டுக்கு உயிரே உள்ள இருக்கிற ஃபோம்தான்"னு ஆரம்பிச்சு, பாலியூரித்தேன் ஒண்ணு, தெர்மாகோல் ஒண்ணு, அத்த அமுக்கிச் செய்யுற நீலத் தகடு ஒண்ணுன்னு மூணு சாதியையும் சொல்லிக் குடுத்தான். ஒடைஞ்சு தூக்கிப் போட்டிருந்த பலகை ஒண்ணையும் வேலி மேல தூக்கிக் குடுத்தான்.

அதுதான் பாலியூரித்தேன். நடுவுல முதுகெலும்பாட்டம் ஒரு மரப்பட்டை ஓடும். நம்ம போட்டு ரெசினு அதோட நல்லா ஒட்டும், அலையில வளைஞ்சு குடுக்கும், கால் வச்சா காலுக்கு அடங்கும். ஆனா கனம், வெயில் பட்டா பீடிக்காரன் பல்லாட்டம் மஞ்சளாயிடும். அத்த ஒட்டி எடுத்துக்கினு போனேன், கல்லுல ஒரே அடி, மரப்பட்டையோட ரெண்டாப் போச்சு. சரி போன்னு பூங்காவனத்துக்கிட்ட பழைய மீன் பெட்டி வாங்கினேன். பூங்காவனம் எங்க குப்பத்துலயே பெரிய வாயி, அவ மீன் விக்க நின்னா அடுத்த ஊரு நாயி எந்திரிச்சு ஓடும். அவ குடுத்த தெர்மாகோல் பெட்டியைப் பொளந்து ஒட்டி, இழைச்சு, பலகையாக்கினேன். இதுல ஒரு பேஜாரு இருக்குது: போட்டு ரெசினு பட்டா தெர்மாகோல் உருகிப் போயிடும், அதுக்கு எபாக்ஸின்னு வேற ரெசினு வேணும். வாத்தியாரு அரை டின்னு குடுத்தான். ஐயோ, இன்னா லேசு அது, தண்ணி மேல கோழிக்குஞ்சாட்டம் துள்ளுச்சு. சந்துக்கு ரெண்டு முழம் வரைக்கும் போயிட்டேன், கையை நீட்டுறேன், கல்லு அடியில கீறிடுச்சு, முத்து முத்தா இருக்கிற நுரைக்கு நடுவுல பூந்த தண்ணியை அது குடிச்சுது பாரு, சினையாட்டை இழுக்கிற மாதிரி இழுத்துக்கினு கரைக்கு வந்தேன்.

நீலத் தகடு ஐஸ் ரூம் சொவத்துல பதிக்கிறது. அது சொட்டுத் தண்ணி குடிக்காது, அதுல அது உத்தமி. ஆனா தோலை ஏத்துக்காது. மழை விட்டு வெயில் அடிச்ச அன்னிக்கு உள்ள இருந்த காத்து விரிஞ்சு, சூடு பட்ட கை கொப்புளிக்கிற மாதிரி தோலு மொத்தமும் எழும்பி, கல்லுக்குப் போகும் முன்னயே கழண்டு கையோட வந்துச்சு. "பலகை மூக்குல விரல் நொழைய ஒரு ஓட்டை விட்டிருக்கணும்க்கா, காத்து போக"ன்னு வாத்தியாரு அப்புறமாச் சொல்றான். அப்புறமாச் சொல்றான்!

நாலாவதா மறுபடியும் தெர்மாகோலையே எடுத்தேன். அன்னிக்குக் காலையில கல்லுக்கட்டு மேல ரிசார்ட்டுக்காரங்க பிறந்தநாளுக்கு பலூன் கட்டியிருந்தாங்க. அந்தச் சந்துக்கு மேல, என் அண்ணன் தலைக்கு மேல, செவப்பு பலூனு. அத்தப் பார்த்த கண்ணு, நேரா ஷெட்டுக்கு வந்து டின்னைத் தொறந்து, எறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலக்கி, பாயை விரிச்சு மடமடன்னு ஊத்தினேன். ஊத்தி முடிச்சப்புறம்தான் டின்னைப் பார்க்குறேன். போட்டு ரெசினு. பதினாறு வருஷப் பழக்கம், கை தானாப் போய் அந்த டின்னை எடுத்திருக்குது. உள்ள தெர்மாகோல் சர்ருன்னு சத்தத்தோட கரையுது, நாத்தம் கண்ணை எரிக்குது, வாத்தியாரு சொன்னபடி பலகை மூக்குல விட்டிருந்த ஓட்டை வழியா ஒரு கைப்பிடி வெல்லப்பாகாட்டம் வழியுது. நியாயமாப் பார்த்தா தோலும் சேர்ந்து குழிஞ்சு உக்காந்திருக்கணும். உக்காரல. வெறும் தோலு, உள்ள ஒண்ணும் இல்ல, அப்படியே நின்னுச்சு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. அந்த ஓட்டையில வாயை வச்சு, கம்பெனிக்காரனைத் திட்ட ஆரம்பிச்சேன். கட்டையில போறவனேன்னு ஆரம்பிச்சு, அவன் புல்லை, அவன் கல்லை, அவன் லாரியை, மனுவைப் பரிசீலிச்சவனை, தணியட்டும்னு சொன்னவனை, என் கையை, நான் அடைச்ச அந்தப் போட்டைன்னு ஒரு ஒலை சோறு வேகுற நேரம் திட்டினேன். வாயை எடுத்தா, பலகை கும்முனு இருக்குது. தட்டினேன், முத்தின இளநி மாதிரி சத்தம் குடுத்துச்சு. தூக்கினேன், பேப்பர் கனம்கூட இல்ல. ஓட்டையை அடைச்சு ஓடையில எறக்கினேன், என்னைத் தூக்கிச்சு, கூட ஒரு நங்கூரத்தையும் வச்சுப் பார்த்தேன், அத்தயும் தூக்கிச்சு. சரிதான்னு வீட்டுக்குப் போய் சோறு துன்னுட்டு ஒரு தூக்கம் போட்டு வந்து பார்க்கிறேன், பாதி எறங்கிக் கெடக்குது. ஒருத்தி கோபம் பத்தாதுன்னு அப்போ புரிஞ்சுது.

விஷயத்தைச் சொன்னதும் பூங்காவனம் கொஞ்சம்கூட ஆச்சரியப்படல. "அவன் நம்ம வயித்தெரிச்சலைக் கொட்டிக்கினான்னு தெனமும் சொல்லிக்கினு இருக்கோம், கொட்டினது எங்கயாவது போய்த்தானே ஆவணும்? வயிறு காலியா இருக்குது, கொட்டிட்டுப் போறோம், நகருடி"ன்னு சொல்லி, கூடையை எறக்கி வச்சு, இடுப்புல கையை வச்சு, வாயைக் குடுத்தா. மறுநாள்லருந்து பத்து மணிக்கு மீன் வித்துட்டு வர்ற பொம்பளைங்க எல்லாம் என் ஷெட்டு வாசல்ல வரிசையில நின்னாங்க. புருஷன் கடல்ல இருக்கும்போது முழுங்கி முழுங்கி வச்ச கோபம், இருவது வருஷத்துக் கோபம், முப்பது வருஷத்துக் கோபம், ஒவ்வொருத்தி வயித்துலயும் அடுக்கி வச்சிருந்துச்சு. மொறை தவறாதா, கடல்ல ஆளு இருக்குதேன்னு ஒருத்தி கேட்டா. ஓட்டைக்குள்ள சொல்றது கரையில சொன்னதாகாதுன்னு பூங்காவனமே தீர்ப்பு சொல்லிட்டா. நாட்டாரு கோதண்டம் ஊர்ப் பெரியவரு, "இதெல்லாம் நல்லால்ல"ன்னு கத்திக்கினு வந்தவரு, வந்த வேகத்துல ஓட்டையில வாயை வச்சாரு, கால் மணி நேரம் எடுக்கல. கலெக்டர் ஆபீஸ் வராந்தாவுல அவரை நிக்க வச்ச கதை எல்லாம் உள்ள போச்சு.

அப்போதான் கோபத்துலயும் சாதி இருக்குதுன்னு கண்டுபுடிச்சேன். மாமியா மேல வர்ற கோபம் தெர்மாகோல்; பார்க்க மலையாட்டம் இருக்கும், லேசாத் தூக்கும், ஆனா ஒரு நல்ல வார்த்தை பட்டா குடிச்சுட்டு எறங்கிடும். எலெக்‌ஷன் நேரத்துக் கோபம் நீலத் தகடு, வெயில் ஏறினா தோலு கழண்டுக்கும். குடிச்சுட்டு வந்தவன் கோபம் எதுக்கும் ஆவாது, அது உருகி நாறும், அவனுங்களை நான் வரிசையிலயே விடல. பசிச்ச புள்ளையை வச்சிக்கினு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கினவ கோபம் இருக்குது பாரு, அது வளையும், ஒடையாது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அடைச்சேன். பலகை கூரையைப் போய் முட்டுச்சு, கயித்தால இழுத்துக் கட்டி வச்சேன். அந்த மாசத்துலயே பெரிய நெறைஞ்ச தண்ணிக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு.

கம்பெனி மேனேஜருக்கு எப்படியோ சேதி போயிடுச்சு. உடனே ஒரு சமாதானக் கூட்டம். பந்தல் போட்டான், ஃபேன் வச்சான், எல்லாருக்கும் ரோஸ் மில்க் குடுத்தான், "உங்க உணர்வுகளை நாங்க மதிக்கிறோம்"னு கைகூப்பினான், புள்ளைங்களுக்கு இலவசமா அலைச்சறுக்கு சொல்லித் தர்றோம்னான், நாட்டாருக்குப் பொன்னாடை போத்தினான். நம்ம ஜனம் இருக்குதே, ஒருத்தன் கும்பிட்டுட்டா போதும். "நல்லாத்தான் பேசுறான், பாவம்"னு சொல்லிக்கினு திரும்பி வந்தாங்க. நான் ஷெட்டைத் தொறக்கிறேன், பலகை தரையில செத்த சுறாவாட்டம் விழுந்து கெடக்குது. "த்தூ, ஒரு டம்ளர் ரோஸ் மில்க்குக்கு எங்க அண்ணனை வித்துட்டீங்களேடி"ன்னு தெருவுல நின்னு கத்தினேன். அந்தக் கோபத்தையும் ஊதிப் பார்த்தேன். வாலு மட்டும்தான் கொஞ்சம் எழும்புச்சு. நம்ம ஜனத்து மேல வர்ற கோபத்துக்குத் தூக்குற சக்தி இல்லப்பா.

ரெண்டு நாள் கழிச்சு அண்ணி பேருக்கு ஒரு தபால் வந்துச்சு. விசாரணைக்குக் கம்பெனி எழுதிக் குடுத்த அறிக்கையோட நகல். அண்ணி பன்னெண்டாவது படிச்சவ, என் ஷெட்டு வாசல்ல நின்னு அவளே படிச்சா. பூங்காவனமும் இன்னும் நாலஞ்சு பேரும் இருந்தாங்க. "இறந்தவர் மது அருந்திய நிலையில் படகைச் செலுத்தியதே விபத்துக்குக் காரணம்." பதினோரு வருஷமாச் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன் எங்க அண்ணன். அண்ணி தபாலை நாலா மடிச்சா, இடுப்புல சொருகினா.

"கஸ்தூரி, அவரு கரை ஏறுற வரைக்கும்தானே நான் கோபப்படக் கூடாது?"

"ஆமா அண்ணி."

"நான் கோபப்படாம இருந்தா அவரு ஏறி வந்துடுவாரா?"

"வர மாட்டாரு அண்ணி."

"அப்போ நகரு."

குனிஞ்சு ஓட்டையில வாயை வச்சா. ஒரு வார்த்தை வெளிய கேக்கல. முதுகு மட்டும் ஏறி எறங்குச்சு. கூரை மேல இருந்த காக்கா எல்லாம் எந்திரிச்சுப் போச்சு. எவ்ளோ நேரம்னு தெரியல, பூங்காவனம் வாயைப் பொத்திக்கினு நின்னா, அவ வாயைப் பொத்தி நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். பலகை மெதுவா எழும்பி, அண்ணியோடவே எழும்பி, அவ நெஞ்சு ஒசரத்துல வந்து நின்னுச்சு. சொட்டுக் குடிக்காது, கழலாது, உருகாது. நாப்பது நாளு அடைச்சு வச்ச கோபம். பலகை வாத்தியாரு தராசுக் கொக்கியை எடுத்தாந்து மாட்டினான், கொக்கி மேல பார்த்து நின்னுச்சு. "அக்கா, இது எந்த ஃபோம்?"னு கேட்டான். "போடா, உங்க மேனேஜரைக் கேளு"ன்னேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு நெறைஞ்ச தண்ணி. குப்பமே கரையில நின்னுச்சு. பலகை மேல படுத்துக் கையால துழாவிக்கினு போனேன். அடிச்ச அலையை அது ஏறி மிதிச்சுது, கல்லு கீறுச்சு, கீறின எடத்துல தண்ணி பூர முடியாம சீறிக்கினு வெளிய வந்துச்சு. சந்துக்குள்ள நொழைஞ்சுட்டேன். கோட்டைப் புடிச்சேன். கோட்டுக்குள்ள எலும்புதான்பா இருந்துச்சு. இடுப்புக் கயிறும் வெள்ளித் தாயத்தும் அப்படியே இருந்துச்சு. எப்பவோ அந்தக் கயிறு அறுந்தப்போ அண்ணி போட்ட முடிச்சு, அது அவிழல. எனக்கு "அண்ணே"ன்னு வந்துச்சு. அவ்ளோதான், கோபம் போயிடுச்சு. பலகை எனக்குக் கீழ எறங்குது, மார் வரைக்கும் தண்ணி, கழுத்து வரைக்கும் தண்ணி, அடுத்த அலை பின்னால எழும்புது.

கரையிலருந்து பூங்காவனம் கத்தினா: "ஏய் கஸ்தூரி! அழாதேடி! அழுதே, வந்து கொன்னுடுவேன்!" கூட எல்லாப் பொம்பளைங்களும் ஆரம்பிச்சாங்க, நாசமாப் போக, மண்ணாப் போகன்னு கம்பெனியைப் பார்த்துக் கையை நீட்டிக்கினு. பலகை நின்னுச்சு, ஏறல. அப்போ ஒரு கொரல் வந்துச்சு. அந்தக் கொரல் ஒசந்து ஊரு கேட்டதே இல்ல. "யோவ் தேசப்பா!" புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறா எங்க அண்ணி. "தேசப்பா! வர்றியா இல்லியா? நாப்பத்தோரு நாளாச் சோறு ஆறிக்கினு கெடக்குது! உன்னைக் குடிகாரன்னு எழுதிட்டான், நீ பாட்டுக்குக் கல்லுக்குள்ள படுத்துக்கினு இருக்கே! எந்திரிச்சு வாய்யா!" அலைச் சத்தத்துல எப்படிக் கேட்டுச்சுன்னு கேக்காதே, பலகை வழியாக் கேட்டுச்சு. அது என்னையும் அண்ணனையும் சேர்த்துத் தூக்கிச்சு. வலைக் கயித்தால அவனைக் கட்டினேன், கரைக்குக் கொண்டாந்தேன்.

அன்னிக்குத்தான் அண்ணி அழுதா. மண்ணுல பொரண்டு அழுதா. ஊரே அழுது, மொறையா எல்லாம் செஞ்சு, அண்ணனைப் பொதைச்சோம். இதோட பலகை எறங்கிடும்னுதான் எல்லாரும் நெனைச்சோம். எறங்கல. ஏன் எறங்கும்? கல்லு அங்கதானே கெடக்குது.

இப்போ எங்ககிட்ட பதினோரு பலகை. எல்லாமே தப்பான ரெசினை ஊத்திச் செஞ்சது, வேணும்னே. தண்ணி நெறையுற அன்னிக்கெல்லாம் ரெண்டு ரெண்டு பலகையாப் போய், நடுவுல ஒரு கல்லைக் கட்டித் தூக்கிக்கினு வந்து, ரிசார்ட்டுப் புல்லு மேல உருட்டி விடுறோம். எந்தக் கல்லுன்னு அண்ணி கையைக் காட்டுவா. இதுவரைக்கும் பத்தொம்பது கல்லு போயிருக்குது. மேனேஜரு போலீஸைக் கூட்டியாந்தான். இன்ஸ்பெக்டரு பலகையைத் தட்டிப் பார்த்து, உள்ள இன்னா இருக்குதுன்னு கேட்டாரு. வயித்தெரிச்சல்னு சொன்னேன். அதுக்கு எந்த செக்‌ஷன்ல போடுறதுன்னு தெரியாம, டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு.

அதுதான்பா உள்ள இருக்குற நுரை. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன். எல்லாரும் அழுது முடிச்சாச்சு, நான் மட்டும் இன்னும் அழல. அந்த முடிச்சு கையில பட்டது இன்னும் இங்க, நெஞ்சுக்குள்ளயே நிக்குது. இப்போ அழுதா பலகை முழுகிடும். கடைசிக் கல்லு அவன் புல்லு மேல போய் உக்காரட்டும், அன்னிக்குக் கேமராவைத் தூக்கிக்கினு வா, நான் அழுறதைப் படம் புடிச்சுக்க.